தேயிலை முடியும் கோடு: கொத்மலைக் காடுகளில் காட்டுப்பூ தேடும் முறை

கொத்மலைப் பக்கம் பூப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் தேடுகிறார்கள். றோட்டோரம் முழுக்க மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடப்பதைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த நிறங்களில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வந்து பரவிய செடிகளுடையது. இந்த மலைக்கே உரிய பூக்கள் நீர் கசியும் பாறையிலும், பாசி படர்ந்த கிளையிலும், மானாப்புல்லின் அடியிலும், தேயிலை முடிந்து காடு தொடங்கும் எல்லையிலும் இருக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயத்தின் பாடம் ஒன்றுதான்: முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள், பூவை அந்த இடமே காட்டிக் கொடுக்கும்.

காடு ஏன் மேலே நிற்கிறது?

பூ தேடுகிறவருக்கு இந்த மலையின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்காக இங்கே காடு அழியத் தொடங்கியது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியபின், அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் பரிந்துரையை ஏற்று, 5000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை வெட்டக்கூடாது என்று பிரித்தானிய நிர்வாகம் உத்தரவிட்டது. 5000 அடி என்பது ஏறக்குறைய 1500 மீற்றர். இன்று பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், இளம்பச்சைத் தேயிலைக்கு மேலே கரும்பச்சையாகக் காடு நிற்பதற்கு அந்த உத்தரவு ஒரு முக்கிய காரணம்.

அந்த உயரத்துக்குக் கீழே காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஓடைக்கரை, செங்குத்துப் பாறை, தேயிலை நட முடியாத ஒடுங்கிய பள்ளம் ஆகியவையே அந்தத் துண்டுகள். நடைப்பயணத்தைத் திட்டமிடும்போது இவற்றையே முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரமும் முக்கியம். கொத்மலை நீர்த்தேக்கம் நிறைந்து நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீற்றர். றம்பொடை ஏறக்குறைய 1000 மீற்றரில் இருக்கிறது. லபுக்கலைத் தேயிலையைத் தாண்டி மலையேறி இறங்கினால் வரும் நுவரெலியா நகரம் 1868 மீற்றரில். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா போகும் ஒரே பஸ் பயணத்தில் பூக்களின் உலகம் அடுக்கடுக்காக மாறுகிறது. ஒரே நாளில் எல்லா அடுக்கையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஓர் அடுக்கை எடுத்துக்கொண்டு, அதில் மெதுவாக நடங்கள்.

முதல் பயிற்சி: தேயிலைப் பூ

காட்டுக்குள் போவதற்கு முன் தேயிலைப் பூவைப் பாருங்கள். கொழுந்து தொடர்ந்து பறிக்கப்படும் செடியில் அது அபூர்வம். மலையின் ஓரத்தில், கான்களின் கரையில், கவ்வாத்துக்கு அகப்படாமல் உயர்ந்துவிட்ட செடியில் தேடினால் கிடைக்கும். வெள்ளை இதழ்கள், நடுவில் நெருக்கமாக மஞ்சள் மகரந்தத் தாள்கள், தலையைச் சற்றுக் கவிழ்த்த நிலை. இதழ்களை எண்ணுங்கள். இலையைத் திருப்பி நரம்பைப் பாருங்கள். விளிம்பின் பற்களை விரலால் தடவிப் பாருங்கள். தண்டில் இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா, மாறிமாறி நிற்கின்றனவா என்று கவனியுங்கள்.

இதழ், மகரந்தத் தாள், இலை நரம்பு, இலை அடுக்கு என்ற இந்த நான்கும் கைவந்தால் காட்டில் பாதி வேலை முடிந்தது. மேலே மலைக்காட்டில் தேயிலையின் உறவான கோர்டோனியா மரங்கள் நிற்கின்றன. அவற்றின் பூவிலும் நடுவில் அதே மஞ்சள் நெருக்கம் இருக்கும். தேயிலைப் பூவை நன்றாகப் பார்த்தவர் அந்தக் குடும்பச் சாயலை உடனே கண்டுகொள்வார்.

எங்கே தேடுவது?

ஓடையும் நீர் கசியும் பாறையும். றம்பொடை, பூண்டுலோயாப் பக்கத்து ஓடைகளில் அருவியின் இரைச்சலை விட்டு விலகி, நீர் மெல்லக் கசியும் பாறை முகத்தைத் தேடுங்கள். அங்கே காட்டுக் காசித்தும்பைகள் வளரும். வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் இனமே இவை. சிங்கள அயலவர்கள் 'குடலு' என்பார்கள். பல வகைகள் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. பூவை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். பின்னால் நீளும் தேன்குழலின் நீளமும் வளைவும்தான் ஒரு வகையை மற்றொன்றிலிருந்து பிரிக்கும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறும். அதே ஈரப் பாறையில் தரையோடு ஒட்டி, மூன்றே இதழ்களோடு இளஞ்சிவப்புப் பூ ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் சொனெரிலா. மூன்று இதழ் என்பது இந்தக் காட்டில் அபூர்வமான அடையாளம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தனைப் புல்வெளி. மானாப்புல் நிற்கும் திறந்த சரிவுகள் தூரத்திலிருந்து வெறுமையாகத் தெரியும். குனிந்து பார்த்தால்தான் அங்கே என்ன இருக்கிறது என்று புரியும். செப்டெம்பரை ஒட்டி 'பினர' எனப்படும் எக்சாக்கம் பூக்கும். ஊதா இதழ், நடுவில் பளிச்சென்ற மஞ்சள். அதன் மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. சில காட்டுவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால்தான் மகரந்தம் வெளியே கொட்டும். பூவருகே அசையாமல் நின்றால் வண்டின் ரீங்காரம் திடீரென ஓங்குவதைக் காதால் கேட்கலாம். ஈரமான புல்வெளிப் பள்ளங்களில் பூச்சி தின்னும் துரோசெரா செடி சிவந்த வட்டமாகத் தரையில் ஒட்டிக் கிடக்கும். மிக உயரத்துப் புல்வெளிகளில், விரல் நகத்தைவிடச் சிறிய நீல ஜென்சியன் வெயிலில் விரிந்திருக்கும். இங்கே ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும்.

தேயிலை முடியும் கோடு. புதியவர்களுக்கு மிக அதிகம் பலன் தரும் இடம் இதுதான். காட்டின் ஈரமும் வெளியின் வெயிலும் ஒன்றாகக் கிடைப்பதால் இங்கே பூக்கும் செடிகள் பல. போவிட்டியாவை இங்கேதான் பார்ப்பீர்கள். அதன் இலையை ஈரல் நோய்க்குக் கஷாயம் வைப்பதால் ஊரில் பலருக்குத் தெரிந்த செடி அது. ஊதாப் பூ. இலையின் அடியிலிருந்து நுனிவரை மூன்று அல்லது ஐந்து நரம்புகள் கோடு கிழித்தாற்போல ஓடும். இந்த நரம்பமைப்பைப் பார்த்தால் போவிட்டியாவின் குடும்பமாக இருக்கலாம் என்று எண்ணலாம், ஆனால் வேறு குடும்பங்களிலும் இது உண்டு என்பதால் பூவையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். சொனெரிலாவும் அதே குடும்பம். மரத்தில் ஏறிப் படர்ந்து கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் கென்ட்ரிக்கியாவும் அதே குடும்பம்.

மலையுச்சிக் காடு. இங்கே மரங்கள் குட்டையாகி, முறுக்கி, தலை தட்டையாகி நிற்கும். பூ தலைக்கு மேலே இருப்பதால் முதலில் தரையைப் பாருங்கள். உதிர்ந்த இதழ்களைக் கண்டபின் நிமிர்ந்து மரத்தைத் தேடுங்கள். மணமும் வழிகாட்டும், காட்டுச் செண்பகம் கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும். காடும் புல்வெளியும் சந்திக்கும் உயரங்களில் மஹரத்மல் நிற்கிறது. செந்நிறப் பூக்கள் பந்தாகத் திரளும் ரோடோடென்ட்ரன் மரம் இது. இமயமலையில் வளரும் அதே இனம், நடுவே பெருந்தூரம் விட்டு, இலங்கையின் உயர்மலையில் மீண்டும் தோன்றுகிறது. நீலகிரியிலும் பழனிமலையிலும் அதன் நெருங்கிய உறவு இருக்கிறது. தனியாக ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போங்கள். 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. குறிக்கப்பட்ட பாதையிலேயே இந்த மரத்தைப் பார்க்கலாம்.

மரத்தின் மேல். பாசி தடித்த கிளைகளில் ஓர்கிட்டுகள் ஒட்டி வளரும். ஓர்கிட்டை அறிவது எளிது: ஓர் இதழ் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு உதடுபோல் நீண்டிருக்கும். சிலோஜினி வகைகள் வெள்ளையாக, அந்த உதட்டில் மஞ்சள் பூசியவையாக இருக்கும். ஏறிப் பார்க்க முயலாதீர்கள். சரிவான மலையில் இது எளிதாகும், மேட்டுப் பாதையில் நின்றால் கீழ்ச்சரிவு மரத்தின் கிளை கண்ணுக்கு நேரே வரும். தூரநோக்கி ஒன்று கையில் இருந்தால் நல்லது.

நெலு பூக்கும் ஆண்டு

மலைக்காட்டின் அடித்தளத்தை நிரப்பி நிற்பது நெலு, அதாவது நம் குறிஞ்சியின் இனம். எதிரெதிர் இலைகளும் கணுக்கள் புடைத்த தண்டும் அடையாளம். இலங்கையில் 30க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும். சில பல ஆண்டுகள் காத்திருந்து, ஒன்றாகப் பூத்து, விதை விட்டு, ஒன்றாக மடியும். ஹோர்ட்டன் சமவெளியில் 2013இல் பெரும்பூப்பு வந்தது. 12 ஆண்டு கழித்து 2025இல் மீண்டும் வந்தது. தமிழ்நாட்டு, கேரள மலைகளின் நீலக்குறிஞ்சி வேறு வகை. அது 2018இல் பூத்தது, அடுத்தது 2030. இரண்டு நாட்காட்டிகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2025ஐத் தவறவிட்டவர்கள் சோர வேண்டியதில்லை. பெரும்பூப்புக்குப் பிந்திய ஆண்டுகளே கவனிப்பவருக்கு நல்ல பள்ளிக்கூடம். மடிந்த தண்டுகள் நிற்க, அவற்றின் காலடியில் நாற்றுகள் அடர்ந்து எழும். விதை கொட்டிய காலத்தில் காட்டுக்கோழிகள் கூட்டமாக வந்து மேயும். அந்த நாற்றுகளை மிதித்தால் அடுத்த பூப்பையே மிதித்ததாகும். ஆகவே நெலுக் காட்டில் பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். மற்ற நெலு வகைகள் வேறு ஆண்டுகளில் பூப்பதால், எந்த ஆண்டிலும் எங்காவது ஒன்றைக் காணும் வாய்ப்பு உண்டு.

றோட்டோரத்து விருந்தாளிகள்

பரவிவந்த செடிகளையும் பெயர் சொல்லி அறிய வேண்டும், இல்லாவிட்டால் சொந்தப் பூ எது என்று தெரியாது. மஞ்சளாகச் சரிவு முழுக்க நிற்கும் காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோப் பக்கத்தது. பல நிறக் கொத்தாகப் பூக்கும் நாயுண்ணி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. ஈரப் பாதையோரத்தில் சிறு வெள்ளைக் கொத்துகளாக மண்டும் அஜெரட்டினாவும் மெக்சிக்கோவினதே. ஹோர்ட்டன் சமவெளியில் முட்களோடு மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் புதர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பங்களாத் தோட்டங்களிலும் ஓடையோரங்களிலும் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தை இனப் பூ தென்னமெரிக்காவினது. அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு, பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். அழகு என்று நினைத்து இவற்றின் விதையையோ கிளையையோ வேறிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நடை முடிந்ததும் சப்பாத்தின் அடியிலும் காற்சட்டையிலும் ஒட்டிய விதைகளைத் தட்டிவிட்டே அடுத்த காட்டுக்குப் போங்கள்.

எப்போது போவது?

ஜனவரி முதல் மார்ச் வரை பாதைகள் ஓரளவு காய்ந்திருக்கும். தூரக்காட்சி தெளிவாக இருக்கும். முதல் நடைக்கு இதுவே பொருத்தம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொத்மலைச் சரிவுகளை நனைக்கும். காசித்தும்பைக்கும் ஈரப்பாறைச் செடிகளுக்கும் அது நல்ல காலம், ஆனால் அட்டையும் வழுக்கலும் கூடும். மழை ஓய்ந்த இடைவெளிகளில் மட்டும், ஆற்றைக் கடக்கத் தேவையில்லாத பாதைகளில் போங்கள். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம்.

எந்த மாதமானாலும் விடிந்தவுடன் புறப்படுங்கள். மதியத்துக்குப் பின் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. பிற்பகல் இரண்டு மணிக்குள் காட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியும் வழித்துணையும்

தேயிலை மலைக்குள் நடக்கத் தோட்டக் காரியாலயத்தில் அனுமதி கேளுங்கள். மருந்து அடித்த மலைகள் எவை என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். ஒதுக்கக் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களமும் தேசியப் பூங்காக்களுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் பொறுப்பு.

பாதை அறிந்தவர்கள் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். விறகுக்குப் போகும் பெண்களுக்குக் காட்டோரம் முழுதும் தெரியும். "அக்கா, இந்தப் பக்கம் குளவிக்கூடு இருக்கா? பீலிக்கு மேல பாதை போகுமா?" என்று மரியாதையாகக் கேட்டால், எந்த வரைபடத்திலும் இல்லாத விபரம் கிடைக்கும். அவர்கள் கொழுந்து நிறுக்கப் போகிற நேரத்தில் மறித்து நிற்காதீர்கள். அரைநாள் வழிகாட்ட ஒருவரை அழைத்தால், அவர் இழக்கும் நாட்சம்பளத்துக்குக் குறையாமல் கொடுங்கள்.

ஆபத்துகள்

குளவி. தோட்டத் தொழிலாளர்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாவது மலைநாட்டில் ஓயாத துயரம். மரக்கிளை, பாறை இடுக்கு, தேயிலைத் தூர் எங்கும் கூடு இருக்கலாம். வாசனைத் திரவியம் பூசாதீர்கள், புகை போடாதீர்கள், கிளைகளைத் தட்டாதீர்கள். கலைந்துவிட்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு விரைவாக விலகுங்கள். கொட்டியபின் மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அட்டை. நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, வெளிப்புறம் சவர்க்காரம் தேயுங்கள். கடித்ததைப் பிடுங்காமல் நகத்தால் மெல்லத் தள்ளி எடுத்து, காயத்தைக் கழுவுங்கள்.

சிறுத்தை. தேயிலைக் காட்டோரங்களில் அது வாழ்கிறது, மனிதரைத் தவிர்க்கவே பார்க்கும். தனியாகப் போகாதீர்கள். அந்திக்குப் பின் பள்ளங்களில் குனிந்து இருக்காதீர்கள். நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்குகளும் புதருக்குள் இருக்கலாம், பாதையை விட்டு விலகாமல் இருப்பதற்கு அது இன்னொரு காரணம்.

மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை மலைநாட்டின் பல சரிவுகளைப் பெயர்த்துவிட்டது. பழைய பாதை இன்றும் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், ஊரில் விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளாக இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று எதைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சரிவுகளில் உறவுகளையும் வீடுகளையும் இழந்தவர்களின் ஊர் வழியாகத்தான் உங்கள் பாதை போகலாம். அங்கே கமெராவை மூடி வைத்து நடங்கள்.

பதிவு செய்யும் முறை

ஒரு பூவுக்கு ஆறு படங்கள் எடுங்கள்: பூவின் முன்பக்கம், பூவின் பக்கவாட்டு, இலையின் மேற்புறம், இலையின் அடிப்புறம், தண்டில் இலை சேரும் இடம், செடி நிற்கும் சூழல். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவைப் பிடியுங்கள். கொப்பியில் திகதி, உயரம், நிலம் பாறையா புல்லா மரமா, வெயிலா நிழலா, பூவுக்கு வந்த வண்டு எது என்று எழுதுங்கள். ஊரார் சொல்லும் பெயரையும், செடியை அவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் இடத்தை வெற்றாக விடுங்கள். ஊகித்த பெயர் பின்னால் வருகிறவரையும் வழிதவற வைக்கும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரத் தொகுப்பும், 1893 முதல் 1900 வரை வெளிவந்த ஹென்றி டிரைமனின் இலங்கைத் தாவர நூலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பறிக்காதீர்கள்

தேசியப் பூங்காவில் செடியைப் பறிப்பது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் எட்டாத இடத்திலும் பறிக்காதீர்கள். பத்தனையில் மஞ்சளாகப் பூக்கும் இப்சியா என்ற ஓர்கிட் இலங்கையில் மட்டுமே உண்டு. அதன் கிழங்குக்கு வசியசக்தி இருப்பதாக நம்பித் தோண்டியதால் அது அருகிப்போனது. ஓர்கிட்டைக் கண்ட துல்லியமான இடத்தை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டாம். தோண்டுகிறவர்களுக்கும் அது வழிகாட்டும்.

ஒரு மலை, ஓர் ஆண்டு

இந்த அத்தியாயத்தைப் படித்தவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலோ, பஸ் போகும் தூரத்திலோ, தேயிலை முடியும் கோட்டில் நூறடி நீளத்தைத் தெரிவு செய்யுங்கள். மாதம் ஒரு முறை அதே நூறடியில் நடந்து, எது பூத்தது, எது காய்த்தது, எது காணாமற் போனது என்று எழுதுங்கள். பன்னிரண்டு மாதத்தில் அந்த இடத்துக்கு ஒரு பூநாட்காட்டி உருவாகிவிடும். அதில் ஒரு பிரதியைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்குக் கொடுங்கள், அடுத்த ஆண்டு மாணவர்கள் அதைத் தொடரட்டும். மழைக்காலம் மாறுகிறதா, பரவிவந்த செடி எத்தனை அடி முன்னேறியது, நெலு நாற்று எவ்வளவு உயர்ந்தது என்பவற்றை ஆண்டுக்கு ஒருமுறை வருகிற ஆராய்ச்சியாளரைவிட, தினமும் அந்த மலையில் ஏறி இறங்குகிறவர்களே நன்றாகச் சொல்ல முடியும். அதைச் சொல்லத் தேவையானது ஒரு கொப்பி, ஒரு பென்சில், மாதத்தில் ஒரு காலை. வருகிற மாதத்துக்கு நாள் குறித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.